மெடிக்கலில் 'அன்ஃபிட்', வீட்டில் தனி டம்ளர்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். அவர் ஏ.சி. மெக்கானிக். திருமணமாகி ஐந்து மாதம் ஆகிறது. சவூதி வேலைக்காக ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டிவிட்டுச் சென்னைக்குப் போய் மெடிக்கல் எடுத்தார். ரத்தத்தில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்று வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். 'அன்ஃபிட்' என்று எழுதித் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மனம் ஒப்பாமல் ஊருக்கு வந்து வேறோர் ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்தார். அங்கும் அதே முடிவு. கூடவே எடுத்த கல்லீரல் பரிசோதனை நார்மல். கண் மஞ்சளாகவில்லை, பசி குறையவில்லை. அவுட்டோர் யூனிட்டைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிற உடம்பு.

விஷயத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னார். மறுநாளே அவருடைய தட்டின் அடியிலும் டம்ளரின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி விழுந்தது. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிக்கிறார், ஒரு மண்டலக் கணக்கு. மனைவியிடம் 'காமாலைக்குப் பத்தியம்' என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் படுக்கிறார். ஏஜென்ட் இரண்டு வழி சொல்கிறாராம். மூன்று மாதம் 'கோர்ஸ்' எடுத்தால் நெகட்டிவ் ஆகிவிடும், அல்லது தம்பியின் ரத்தத்தைக் கொடுத்துவிடலாம்.

கேள்விகள் ஐந்து. குடியும் கிடையாது, வேறு பழக்கமும் கிடையாது, எனக்கு எப்படி வந்தது? கீழாநெல்லியில் போய்விடுமா? சவூதி போக முடியுமா? மனைவியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? கடைசியாக, ஏழு மாதக் கர்ப்பிணியான அக்கா வளைகாப்புக்காக வீட்டுக்கு வருகிறாள், அவள் பக்கத்தில் நான் உட்காரலாமா?

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற நான்கும் ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்காது.

அக்காவின் அட்டை

தாராளமாக உட்காருங்கள். ஒரே தட்டில் கலவைச் சாதம் சாப்பிட்டாலும் ஹெபடைட்டிஸ் பி தொற்றாது. தொடுவதால், இருமுவதால், ஒரே டம்ளரில் குடிப்பதால் வருகிற கிருமி இது இல்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருக்கும் கிருமி அக்காவிடமும் இருக்குமா?

இருக்கலாம். நீங்கள் இருவரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், தாய்மாமா ஒருவர் 45 வயதில் வயிற்றில் நீர் கோத்து இறந்தார், அவரும் குடிக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அக்காவின் கர்ப்பகால அட்டையை வாங்கிப் பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பக்கத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று ஒரு வரி இருக்கும். நெகட்டிவ் என்று எழுதியிருந்தால் நிம்மதி. காலியாக இருந்தால் மறுநாள் காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதுகூட இல்லை.

பாசிட்டிவ் என்றால் பதற வேண்டாம். ஏழாம் மாதத்தில் தெரிவது சரியான நேரத்தில் தெரிவதுதான். ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் 28-ஆவது வாரம் முதல், கிருமியைப் பெருகவிடாத டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பது வழக்கம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், முதல் தடுப்பூசி போட வேண்டும். அதோடு பிறந்த 12 மணி நேரத்துக்குள் இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமிக்கு எதிரான ஆன்டிபாடிகளை நேரடியாகக் கொடுக்கும் ஊசி. இந்த இரண்டாவது ஊசி எல்லா மருத்துவமனையிலும் இருப்பு இருக்காது. பிரசவ வலி வந்தபிறகு தேடி அலையக் கூடாது, இப்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்தக் கிருமி வயதைப் பார்த்துக் குடியேறுகிறது. வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் நூறில் 95 பேர் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே அதை விரட்டிவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றினால் நூறில் 90 குழந்தைகளின் உடலில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சிசுவின் எதிர்ப்பு சக்திக்கு அதை அந்நியன் என்று அடையாளம் காணத் தெரிவதில்லை. பகையில்லாததால் சண்டையில்லை, சண்டையில்லாததால் காமாலையில்லை. முப்பது நாற்பது ஆண்டு சத்தமில்லாமல் குடியிருக்கும்.

உங்களுக்கு எப்படி வந்தது

இப்போது உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் பாதி வந்துவிட்டது. நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே இது உங்கள் உடலில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். சிறு வயதில் சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியிலிருந்தும் வந்திருக்கலாம். 'தப்பான பழக்கம் எதுவும் இல்லை' என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறைகூட எழுத வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் வயதினருக்கு இதைத் தடுக்கும் வாய்ப்பு கைக்கெட்டாமல் போனது. 1965-இல் பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் ஒரு விநோதப் புரதத்தைக் கண்டதாக எழுதினார். இன்று உங்கள் தாளில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று இருப்பது அதுதான். 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் தேதியைத்தான் இப்போது உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே தடுப்பூசி வந்துவிட்டது. தைவான் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. அப்போது அங்கே குழந்தைகளில் பத்தில் ஒன்றின் ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்தது. இருபது ஆண்டுகளில் அது நூறில் ஒன்றுக்கும் கீழே போனது, குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

நமக்கு விலை எட்டவில்லை. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. அரசு அட்டவணையில் நாடு முழுவதும் சேர்ந்தது 2011-இல். அந்த ஆண்டு டிசம்பரில், இதையும் உள்ளடக்கிய ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியை முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, மற்றது கேரளம். நீங்கள் பிறந்தது அதற்கெல்லாம் முன்னால்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்தக் கிருமியுடன் வாழ்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ மூன்று கோடி. அந்த ஓர் ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர். பெரும்பாலும் கல்லீரல் சுருங்கி அல்லது கல்லீரல் புற்றுநோயால். கொரோனாவைப் போல ஒரே மாதத்தில் சுடுகாட்டில் வரிசை நிற்க வைக்காததால் இது செய்தியாவதில்லை. 'வயிற்றில் நீர் கோத்தது' என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக அழுது முடித்துக்கொள்கிறது. இந்த 25 கோடிப் பேரில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். மருந்து கிடைப்பது 3 பேருக்கு. ஏஜென்ட் அனுப்பிய அந்த மெடிக்கல் உங்களை 13 பேரில் ஒருவராக்கியிருக்கிறது. மாமாவுக்கு இந்தப் பரிசோதனையை யாராவது செய்திருப்பார்களா என்பது சந்தேகமே.

கீழாநெல்லியும் மூன்று மாதக் கோர்ஸும்

கீழாநெல்லியை நான் கேலி செய்யப் போவதில்லை. அதன் கதை நம் ஊரோடு தொடர்புள்ளது. 1988-இல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும், அந்தப் பிளம்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்றார்கள். மருத்துவக் கல்லூரி விடுதியில் அதைப் படித்துவிட்டு நாங்கள் பெருமையில் திளைத்தது நினைவிருக்கிறது. பிறகு வேறு நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு மருந்தை எத்தனை பேர் திரும்பச் செய்து பார்த்தும் அது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இது நிற்கவில்லை.

அப்படியானால் 'குணமானவர்கள்' ஊருக்குள் எப்படி இருக்கிறார்கள்? நம் ஊரில் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வகை. அவை சில வாரங்களில் தாமாகவே போய்விடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் பி வகையும் நூறில் 95 பேருக்குத் தானாகப் போய்விடும் என்று மேலே சொன்னேன். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். உங்களுடையது நாள்பட்ட வகையாகத் தெரிகிறது. அதில் ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கு அளவில்தான் தானாக மறையும். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தும் பாசிட்டிவ் என்றால்தான் 'நாள்பட்டது' என்று உறுதிசெய்வது முறை. அதையும் செய்துவிடுங்கள்.

ஏஜென்ட் சொல்லும் கோர்ஸ் எதுவாக இருந்தாலும் வேண்டாம். மூன்று மாதத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யை நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்று உறுதி சொல்லக்கூடிய மருந்து இன்று உலகில் எங்குமே இல்லை. கிருமியின் மரபணு கல்லீரல் செல்லின் கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் அதைப் பெருகவிடாமல் அடக்கிவைக்கும், கல்லீரல் சுருங்கும் ஆபத்தையும் புற்றுநோய் ஆபத்தையும் குறைக்கும். வேரோடு பிடுங்காது. அதனால்தான் தொடங்கியதை மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது என்கிறோம். திடீரென்று நிறுத்தினால் கிருமி சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும்.

மனைவியிடம்

சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த வாரத்துக்குள். உடலுறவின் மூலம் இது பரவும் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கும் உரிமை உண்டு. அதைவிட முக்கியமாக, அவரைக் காப்பாற்றும் தடுப்பூசி அருகிலேயே கிடைக்கிறது, நீங்கள் வாய் திறக்காததால் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்ற கலக்கம் இருக்கும். முதலில் அவருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி.யோடு இரண்டு ஆன்டிபாடி பரிசோதனைகளையும் எடுக்க வேண்டும். தொற்று இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் உடனே முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு உருவாகிவிட்டதா என்று ஒரு பரிசோதனை. அதுவரை ஆணுறை. அதன்பிறகு திண்ணைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. குழந்தை பெற்றுக்கொள்வதற்கும் தடையில்லை.

'காமாலைப் பத்தியம்' என்று சொன்ன பொய்யை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால் இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள். வேறோர் ஆளின் வாயால் 'இது பிறப்பிலேயே வந்தது' என்று கேட்பது அவருக்கும் இலகு. உங்கள் ஐந்து கேள்விகளில் எனக்குப் பயமுள்ளது இதில்தான். நீங்கள் சொல்லும் முன் அந்தச் சிவப்புப் புள்ளி சொல்லிவிடக்கூடும்.

அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடமே வேறு. உங்கள் ரேஸர், நகவெட்டி, பல்துலக்கும் பிரஷ் மூன்றுக்கும் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். காய்ந்த ரத்தத்தில் இந்தக் கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். சலூனில் புதுப் பிளேடு போடுகிறாரா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ரத்ததானம் கூடாது. பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து போன்றவை அடங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடும் என்பதால் அவற்றைத் தொடங்கும் முன்பும்.

சவூதி

இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வளைகுடா நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் மருத்துவ விதியில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் அன்ஃபிட்தான். கல்லீரல் நார்மலாக இருந்தாலும், வைரஸ் அளவு மிகக் குறைவாக இருந்தாலும் அதுதான். ஏ.சி. பழுதுபார்ப்பவரின் வேலையில் யாருக்கும் தொற்றப்போவதில்லை என்பது அறிவியல். விதி அறிவியலைக் கேட்டு எழுதப்படவில்லை என்பது என் கருத்து. சீனாவில் 2010-இல் வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் இந்தப் பரிசோதனை கேட்பதையே தடை செய்தார்கள். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-இல் தனிச்சட்டம் வந்தது. ஹெபடைட்டிஸ் பி-க்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை.

தம்பியின் ரத்தத்தைக் கொடுக்கும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். அது ஆள்மாறாட்டம், மோசடி வழக்கு. உங்களோடு தம்பியும் சிக்குவார். அதைத் தாண்டினாலும் அங்கே போய் இறங்கியதும் குடியிருப்பு அட்டைக்காக மறுபடி ரத்தம் எடுப்பார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போனவர் அதே மாதம் திருப்பி அனுப்பப்பட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடனைப் பற்றித்தான் அவர் பேசினார், கல்லீரலைப் பற்றிப் பேசவே இல்லை.

வெளிநாடு என்றால் வளைகுடா மட்டும் என்று இருக்காதீர்கள். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட் மருத்துவத்தில் காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மலேரியா ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். விதிகள் மாறும், பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் கட்டிய தொகைக்கு ரசீது இருந்தால் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். 'கோர்ஸுக்கு' என்று அதில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவிடாதீர்கள்.

அடுத்த பதினைந்து நாளில்

2018 ஜூலை 28 முதல் மத்திய அரசின் தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது. அதன் சிகிச்சை மையம் உங்கள் பகுதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று விசாரித்துப் போங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கிருமி எவ்வளவு தீவிரமாகப் பெருகுகிறது என்று காட்டும் எச்.பி.இ.ஏ.ஜி., வைரஸ் அளவு, கல்லீரல் என்சைம், வயிற்று ஸ்கேன், முடிந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவற்றை எடுப்பார்கள். ஒருமுறை எடுத்த கல்லீரல் பரிசோதனை நார்மல் என்பதை வைத்து 'எனக்கு ஒன்றுமில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். இந்தக் கிருமி அலையலையாக வேலை செய்யும். மாமாவின் கதையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் மாற்றியமைத்த வழிகாட்டுதலில், குடும்பத்தில் கல்லீரல் சுருக்கமோ கல்லீரல் புற்றுநோயோ இருந்தவருக்கு மாத்திரையைச் சீக்கிரமே தொடங்க இடமிருக்கிறது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும்.

அடுத்தது அம்மா. அவருக்கும் தம்பிக்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுக்க வேண்டும். தம்பிக்கு நெகட்டிவ் என்றால் தடுப்பூசி, அவ்வளவுதான். அம்மாவுக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் அவருக்கு ஸ்கேன் உங்களைவிட அவசரம், அவர் இன்னும் இருபது ஆண்டு கூடுதலாக இதைச் சுமந்திருக்கிறார். அவருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து, பெரும்பாலும் அவருடைய அம்மாவிடமிருந்து, அறியாத வயதில் வந்ததாகத்தான் இருக்கும். அதை அவரிடம் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆனால் முடிவு வருவதற்கு முன்பே அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்துப் புள்ளியைச் சுரண்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே அவர் தன் டம்ளருக்கும் ஒன்று வைத்துக்கொள்வார்.